பத்முவில் கேட்ட சங்கீதங்கள்

வெளிப்படுத்தின விசேஷத்தின் 22 அதிகாரங்களையும் அலசிப் பார்த்தாலும், இன்ன சங்கீதத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று பத்மு தீவில் தரிசனம் கண்ட யோவான் ஓரிடத்திலும் சொல்வதில்லை. மத்தேயு சொல்வார், பவுல் சொல்வார். எபிரெயருக்கு எழுதினவரோ முதல் அதிகாரத்திலேயே சங்கீதத்துக்குமேல் சங்கீதமாக அடுக்கிவிடுவார். யோவான் மட்டும் மூச்சுவிடுவதில்லை. ஆனால் சங்கீதங்களை உருவி எடுத்துவிட்டால் அவருடைய புத்தகத்தில் பாடுகிறவர்கள் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள்.

வேதபாட வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் நான் விரும்பிச் செய்துவரும் வேலை இது. நோட்டின் இடது பக்கத்தில் சங்கீதம், வலது பக்கத்தில் கடைசி காலத்தைச் சொல்லும் பகுதி. வெளிப்படுத்தலே அதிகம் வரும். சில வேளை மத்தேயு 24 வரும், பேதுருவின் இரண்டாம் நிருபம் வரும். ஒத்துவாக்கிய வேதாகமம் ஒன்று கையில் இருந்தால் யாரும் இதைத் தொடங்கிவிடலாம். ஓரத்தில் அச்சடித்திருக்கும் ஒத்துவாக்கியங்களில் பாதிக்குமேல் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

எனக்கு இதில் ருசி காட்டியது வெளிப்படுத்தலின் 15-ஆம் அதிகாரம். மிருகத்தை ஜெயித்தவர்கள் கண்ணாடிக் கடலருகே நின்று மோசேயின் பாட்டையும் ஆட்டுக்குட்டியானவருடைய பாட்டையும் பாடுகிறார்கள். மோசேயின் பாட்டு என்றதும் நம் கை யாத்திராகமம் 15-க்குப் போகும். செங்கடலைக் கடந்த மறுகரையில் பாடிய பாட்டு அது. அங்கே குதிரையும் குதிரைவீரனும் கடலில் அமிழ்ந்துபோகும் காட்சி இருக்கிறது. யோவான் கேட்டு எழுதிய வரிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவை கிடைப்பது சங்கீதப் புத்தகத்தில். கர்த்தருடைய கிரியைகள் பெரியவை என்பது 111-இல். அவருடைய வழிகளெல்லாம் நீதி என்பது 145-இல். ஜாதிகளின் கண்முன் அவருடைய நீதி வெளியாவது 98-இல். சகல ஜாதிகளும் வந்து அவரைப் பணிவார்கள் என்பது 86-இல். உபாகமம் 32-உம் எரேமியா 10-உம் கூடவே இழையோடுகின்றன. பாட்டுக்குப் பெயர் கொடுத்தவர் மோசே. சொல் கொடுத்தது பெரும்பாலும் சங்கீதம்.

அந்த 86-ஆம் சங்கீதத்தை முழுவதுமாக வாசித்தவர்களுக்கு ஒன்று உறைக்கும். அது வெற்றிப் பாட்டே அல்ல. நான் ஏழை, எளியவன், எனக்குச் செவிசாயும் என்று ஆரம்பிக்கும் விண்ணப்பம். கொடியவர்கள் கூட்டம்கூடி உயிரை வாங்கத் தேடும் நேரத்தில், ஒதுக்கப்பட்ட ஒரு மனிதன், உலகத்து ஜாதிகளெல்லாம் ஒருநாள் வந்து தன் தேவனைப் பணியும் என்று நடுவில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறான். அந்த வரிதான் கண்ணாடிக் கடலோரத்தில் பாடப்படுகிறது. இணை தேடும்போது வசனத்தோடு நிறுத்தாமல் சங்கீதம் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று வகுப்பில் நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஒரு சொல் ஒத்துப்போனதற்காக இரண்டு பகுதிகளை முடிச்சுப் போடக்கூடாது. சங்கீதம் 22-இல் சிங்கம் வருகிறது, வெளிப்படுத்தல் 5-இலும் சிங்கம் வருகிறது. முதலாவது, வாயைத் திறந்து பீறவரும் சத்துரு. இரண்டாவது யூதா கோத்திரத்துச் சிங்கம், அதாவது கிறிஸ்து. சொல்லகராதி இரண்டையும் ஒரே வரிசையில் போடும். பொருளில் இரண்டும் எதிரெதிர். அதற்கு மாறாக, சங்கீதம் 141-இல் தாவீது தன் ஜெபம் தூபமாக ஏறட்டும் என்கிறான். வெளிப்படுத்தல் 5-இல் மூப்பர்கள் பிடித்திருக்கும் பொற்கலசங்களில் இருக்கும் தூபவர்க்கமே பரிசுத்தவான்களின் ஜெபம். 8-ஆம் அதிகாரத்தில் அந்தப் புகை தேவனுக்கு முன்பாக எழும்புகிறது. இங்கே இரண்டு சொற்கள் மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே உள்ள உறவும் ஒன்றே. இதுதான் இணை.

பவுலின் நிருபங்களில் பழைய ஏற்பாடு எப்படி ஒலிக்கிறது என்று ஆராய்ந்த ரிச்சர்ட் ஹேய்ஸ் 1989-இல் வெளிவந்த தம் நூலில் ஏழு சோதனைகளைச் சொன்னார். ஞாயிறு மாலை வகுப்புக்கு ஏழும் தேவைப்படுவதில்லை. நான் கேட்பது மூன்று. சொற்கள் கொத்தாக வருகின்றனவா? முன்னும் பின்னும் ஓடும் பொருள் பொருந்துகிறதா? எனக்கு முன்னே இந்த வழியில் யாராவது நடந்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்வியைத்தான் நம் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச முடியாதே!

முன்னே நடந்தவர்கள் உண்டு, கிறிஸ்தவர்களுக்கும் முன்னாலேயே. சவக்கடலோரம் கும்ரானில் வாழ்ந்தவர்கள் விட்டுப்போன சுருள்களில், நாலாம் குகையில் கிடைத்த ஒன்று, முதலாம் சங்கீதத்தின் தொடக்கத்தையும் இரண்டாம் சங்கீதத்தின் தொடக்கத்தையும் எடுத்துக் கடைசி நாட்களுக்குப் பொருத்துகிறது. 1956-இல் கண்டுபிடிக்கப்பட்ட பதினோராம் குகையில் இருந்த ஒரு சுருள், தேவசபையில் நியாயம் விசாரிக்கும் 82-ஆம் சங்கீதத்தை மெல்கிசேதேக்கு கடைசிகாலத்தில் பேலியாளை நியாயந்தீர்ப்பதாக விளக்குகிறது. அதே குகையின் பெரிய சங்கீதச் சுருளோ, தாவீது 4,050 பாட்டுகளைச் செய்தான், எல்லாம் தீர்க்கதரிசனத்தால் சொன்னவை என்று கணக்கெழுதி வைத்திருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து தாவீதைத் தீர்க்கதரிசி என்று சொன்னபோது எருசலேமில் ஒருவரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். சங்கீதத்தைக் கடைசி காலத்தோடு சேர்த்து வாசிப்பது நேற்று வந்த மோகம் அல்ல. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

இரண்டாம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டே வசனம். ஜாதிகள் கொந்தளிக்கின்றன, பூமியின் ராஜாக்கள் கர்த்தருக்கும் அவர் அபிஷேகம்பண்ணினவருக்கும் விரோதமாகக் கூடுகிறார்கள், பரலோகத்தில் இருக்கிறவர் நகைக்கிறார், சீயோன் மலைமேல் தம் ராஜாவை ஏற்படுத்துகிறார், அந்த ராஜாவின் கையில் இருப்புக்கோல். யோவான் இந்தப் பன்னிரண்டு வசனத்தையும் தம் புத்தகம் முழுவதும் தூவியிருக்கிறார். இருப்புக்கோல் மட்டுமே மூன்று இடத்தில் வருகிறது: 2, 12, 19. கர்த்தரும் அவருடைய கிறிஸ்துவும் என்ற இணைப்பு 11:15-இல். மூன்று வசனம் தள்ளி ஜாதிகளின் கோபம். 14-இல் சீயோன் மலைமேல் நிற்கிறவர் ஆட்டுக்குட்டியானவர். 19:19-இல் பூமியின் ராஜாக்கள் யுத்தத்துக்குக் கூடிவருகிறார்கள்.

இதில் என்னை நிறுத்திவைப்பது 2-ஆம் அதிகாரம். அங்கே இருப்புக்கோல் தியத்தீரா சபைக்கு வாக்களிக்கப்படுகிறது. தியத்தீரா ராஜாக்களின் பட்டணம் அல்ல. சாயக்காரர்கள், நெசவாளர்கள், கன்னார் போன்ற தொழிலாளர் சங்கங்கள் நிறைந்த ஊர். பவுலின் பிரசங்கத்தைப் பிலிப்பியில் கேட்ட இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் அந்த ஊர்க்காரிதான். சங்கத்து விருந்தில் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடாவிட்டால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்களிடம், தாவீதின் சிங்காசனத்துக்குச் சொன்ன வாக்கு பங்குபோட்டுக் கொடுக்கப்படுகிறது. சங்கீதத்தில் ஒரே ஒரு ராஜாவுக்கு இருந்தது வெளிப்படுத்தலில் ஜெயங்கொள்ளுகிறவன் எவனுக்கும் என்று விரிகிறது. இணை என்றால் இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த விரிவைக் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் சங்கீதம் தண்டனையோடு முடியவில்லை, புத்திமதியோடு முடிகிறது. ராஜாக்களே உணர்வடையுங்கள், குமாரனை அண்டிக்கொள்ளுங்கள் என்று கூப்பிடுகிறது. வெளிப்படுத்தலில் அதே பூமியின் ராஜாக்கள் 6-இல் குகைகளில் ஒளிகிறார்கள், 18-இல் பாபிலோனுக்காகப் புலம்புகிறார்கள், 19-இல் சேனையோடு கூடி முறியடிக்கப்படுகிறார்கள். கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடப்போனால் 21:24-இல் பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையைப் புதிய எருசலேமுக்குள் கொண்டுவருகிறார்கள்! இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விளக்கவுரைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சங்கீதத்தின் கடைசி வசனங்களை அருகில் வைத்து வாசித்தால் எனக்கு அவ்வளவு திகைப்பு இல்லை. கூப்பிட்டபடி வந்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இந்த இணையை மிக அழகாகக் கண்டுபிடித்துக் காதுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் பிரசங்கியார் அல்ல. ஹேண்டலின் மேசியா இசைநாடகத்துக்கு வேத வசனங்களைத் தொகுத்துக் கொடுத்த சார்லஸ் ஜென்னன்ஸ். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறியது அது. அதன் இரண்டாம் பகுதியின் கடைசியில் ஜாதிகளின் கொந்தளிப்பு, கட்டுகளை அறுப்போம் என்னும் கூச்சல், பரலோகத்தின் நகைப்பு, இருப்புக்கோலால் நொறுக்குதல் என்று இரண்டாம் சங்கீதம் வரிசையாக வருகிறது. மண்பாண்டம் உடைந்த சூட்டோடு எழும்புவதுதான் அல்லேலூயா கோரஸ். அதன் வார்த்தைகள் வெளிப்படுத்தல் 11-இலும் 19-இலும் இருந்து எடுத்தவை. நம் சபைகளின் பாடகர் குழுக்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தக் கோரஸை மட்டும் தனியே பிய்த்துப் பாடிவிடுகின்றன. முன்னால் உள்ள நாலு பகுதிகளையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல ஒத்துவாக்கியம் எப்படி ஒலிக்கும் என்பது தெரியும்.

இனி வழக்குக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 4-இல் ஆதிச் சபை இதே இரண்டாம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபிக்கிறது. கூடிவந்த ராஜாக்கள் யார்? ஏரோதும் பொந்தியு பிலாத்தும் என்கிறார்கள். அதாவது சங்கீதம் எருசலேமிலேயே நிறைவேறிவிட்டது. அப்படியானால் யோவான் அதை மறுபடியும் கடைசி யுத்தத்துக்கு எப்படி எடுக்கலாம்? 118-ஆம் சங்கீதத்திலும் இதே கதைதான். கர்த்தருடைய நாமத்தில் வருகிறவரை வாழ்த்தும் வரியைக் குருத்தோலை ஞாயிறன்று ஜனங்கள் பாடிவிட்டார்கள். அது நடந்து சில நாளில், இயேசு தாமே எருசலேமைப் பார்த்து, அந்த வரியை நீங்கள் சொல்லும்வரை என்னைக் காணமாட்டீர்கள் என்கிறார். பாடியாகிவிட்டது, இன்னும் பாட வேண்டியும் இருக்கிறது. வெளிப்படுத்தல் 7-இல் எண்ணமுடியாத திரள் குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு சிங்காசனத்துக்கு முன் நிற்கிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரு சங்கீதம் ஒரு சம்பவத்தோடு செலவாகித் தீர்ந்துபோவதில்லை. தாவீதின் வீட்டுக்கு உண்மை, கல்வாரிக்கு உண்மை, வருகைக்கும் உண்மை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் சங்கீதத்துக்கு வருஷம் குறிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜே. ஆர். சர்ச் என்பவர் 1986-இல் ஒரு புத்தகம் எழுதினார். சங்கீதத்தின் எண் இருபதாம் நூற்றாண்டின் வருஷத்தைக் குறிக்கும் என்பது அவர் கட்சி. 48-ஆம் சங்கீதம் சீயோனைப் புகழ்கிறது, இஸ்ரவேல் நாடு 1948-இல் பிறந்தது, ஆகவே பொருத்தம். கேட்டவுடன் புல்லரிக்கும். ஆனால் புதிய ஏற்பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் புழங்கிய கிரேக்க வேதத்தில் அந்தச் சங்கீதத்தின் எண் 47. அங்கே 9-உம் 10-உம் ஒரே சங்கீதம். அதனால் அதற்குப் பிறகு 147 வரை பெரும்பாலும் ஒரு எண் பின்தங்கியே ஓடும். லத்தீன் வேதமும், அதைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்க வழக்கமும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டில் ஒரு சங்கீதத்தை எண் சொல்லிக் குறிக்கும் இடம் ஒன்றே ஒன்று, நடபடிகள் 13:33. அங்கே பவுல் இரண்டாம் சங்கீதம் என்கிறார். பேசா என்னும் பழைய கையெழுத்துப் பிரதியிலோ அது முதலாம் சங்கீதம் என்று இருக்கிறது. முதல் இரண்டையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் யூதர்களிடமும் இருந்தது. இப்படி ஆடுகிற எண்ணின் மேல் நூற்றாண்டின் சரித்திரத்தைத் தூக்கி வைக்க முடியாது.

ஆயிரம் வருஷம் ஒருநாள்போல என்னும் 90-ஆம் சங்கீதத்து வரியையும் வாய்ப்பாடாக ஆக்கிவிட்டார்கள். இது பழைய கணக்கு. பர்னபாவின் பெயரில் வழங்கும் ஆதிகால நிருபமே, ஆறு நாள் சிருஷ்டிப்பு ஆறாயிரம் வருஷம் என்று சொல்லியிருக்கிறது. பேராயர் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் உலகத்தின் பிறப்பை கி.மு. 4004 என்று குறித்தபிறகு, கூட்டிக் கழித்து இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் முடிவு என்று காத்திருந்தவர்கள் உண்டு. அந்த வருஷங்கள் வந்தன, போயின. சங்கீதத்தின் அதே வசனம், ஆயிரம் வருஷம் ஓர் இராச்சாமம்போலவும் இருக்கிறது என்று சொல்லி முடிகிறது. ஒரு நாளா, சில மணிநேரமா? கணக்குப்பிள்ளைகள் பாதி வசனத்தோடு எழுந்துவிடுகிறார்கள். பேதுரு இந்த வரியை எடுப்பது, வருகை எங்கே என்று பரிகாசம் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்ல. நம் கணக்கு தேவனிடம் செல்லாது என்று சொல்லவந்த வரியை வைத்தே கணக்குப் போடுவதை என்னவென்று சொல்ல!

மேற்காசியாவில் குண்டு விழும்போதெல்லாம் வகுப்பில் 83-ஆம் சங்கீதம் எழும். ஏதோம், இஸ்மவேலர், மோவாப், ஆகாரியர், கேபாலர், அம்மோன், அமலேக்கு, பெலிஸ்தர், தீரு, அசீரியா என்று பத்துப் பேர் இஸ்ரவேலை அழிக்கச் சதிசெய்கிறார்கள். இந்தப் பத்தும் ஒன்றாகக் கூடியதாகச் சரித்திரம் இல்லை, ஆகவே இது வரப்போகிற யுத்தம் என்று பில் சாலஸ் போன்ற எழுத்தாளர்கள் பரப்பினார்கள். பத்துப் பெயருக்கும் இன்றைய நாடுகளை எழுதிய வரைபடங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. என் மூன்று கேள்விகளில் மூன்றாவதில் இது விழுந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டில் யாரும் இந்தப் பத்துப் பெயரைத் தொடவில்லை. இரண்டாவதிலும் தடுமாறுகிறது. சத்துருக்களை வெட்கத்தால் மூடும்படி கேட்கிற ஆசாப், அவர்கள் கர்த்தருடைய நாமத்தைத் தேடும்படிக்கு என்று காரணமும் சேர்க்கிறான். அந்த வசனம் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை.

ஆனால் 83-இல் உண்மையான ஓர் இழை இருக்கிறது. சிசெராவுக்கும் யாபீனுக்கும் கீசோன் ஆற்றோரம் செய்தது போலச் செய்யும் என்று ஆசாப் கேட்கிறான். நியாயாதிபதிகள் 5-இல் தெபொராளின் பாட்டைத் திறந்தால், ராஜாக்கள் வந்து யுத்தம்பண்ணினது மெகிதோவின் தண்ணீர் அருகே. வெளிப்படுத்தல் 16-இல் பூமியின் ராஜாக்கள் கூட்டிச்சேர்க்கப்படும் இடம் அர்மகெதோன். பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை. இரும்பு ரதங்கள் தொள்ளாயிரம் வைத்திருந்த சிசெரா ஓர் ஆற்றின் பெருக்கில் தோற்றுப்போன இடம் என்பதால்தான் கடைசி யுத்தத்துக்கு அந்த மண்ணின் பெயர் வாய்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்கும் சங்கீதங்களைப் பற்றிக் கன்வென்ஷன் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. எதுவரைக்கும் என்று 13-ஆம் சங்கீதம் இரண்டே வசனத்தில் நாலுதரம் கேட்கிறது. 74, 79, 80, 89, 94 எல்லாம் கேட்கின்றன. 79-இல் எருசலேமைச் சுற்றி இரத்தம் தண்ணீராக ஊற்றப்பட்டிருக்கிறது, புதைக்க ஆளில்லை, சிந்திய இரத்தத்துக்குப் பழிவாங்குதல் எப்போது என்ற முறையீடு. ஐந்தாம் முத்திரை உடைக்கப்படும்போது பலிபீடத்தின்கீழ் இருக்கும் ஆத்துமாக்கள் எழுப்புவது இந்தக் கூக்குரல்தான். அவர்கள் ஏற்கெனவே மரித்தவர்கள், தேவனுக்கு முன்பாக இருக்கிறவர்கள், அவர்களுக்கும் அந்தக் கேள்வி தீரவில்லை. கிடைக்கும் பதிலைப் பாருங்கள்: ஒரு வெள்ளை அங்கி, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறுங்கள் என்ற வார்த்தை. தேதி கேட்ட இரத்தசாட்சிகளுக்கே தேதி சொல்லப்படவில்லை.

89-ஆம் சங்கீதம் இந்தக் கேள்விகளுக்குள் மிகக் கசப்பானது. தாவீதை முதற்பேறானவனாக்கி, பூமியின் ராஜாக்களுக்கெல்லாம் மேலாக வைப்பேன், அவன் சிங்காசனம் சந்திரனைப்போல, ஆகாயத்து உண்மையுள்ள சாட்சியைப்போல நிலைக்கும் என்று தேவன் வாக்களித்ததைச் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே எல்லாம் உடைகிறது. கிரீடம் தரையில் கிடக்கிறது, மதில்கள் தகர்ந்தன, வாக்கு எங்கே என்று சங்கீதக்காரனான ஏத்தான் மல்லுக்கு நிற்கிறான். இப்போது வெளிப்படுத்தல் 1:5-ஐத் திறங்கள். இயேசு கிறிஸ்துவுக்கு மூன்று பட்டம்: உண்மையுள்ள சாட்சி, மரித்தோரிலிருந்து முதற்பேறானவர், பூமியின் ராஜாக்களுக்கு அதிபதி. மூன்றும் 89-இல் உடைந்து கிடந்தவை. யோவான் தம் புத்தகத்தின் வாசற்படியிலேயே அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துவிட்டார். என் நோட்டில் இருக்கும் இணைகளில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் வைக்கமாட்டேன்.

சங்கீதப் புத்தகம் ஐந்து பாகமாகப் பிரிந்திருப்பது தெரிந்ததே. 89 மூன்றாம் பாகத்தின் முடிவு. சிங்காசனம் விழுந்த அந்த இடத்தில் நாலாம் பாகம் மோசேயின் ஜெபத்தோடு தொடங்கி, 93 முதல் 99 வரையில் கர்த்தர் ராஜரிகம் பண்ணுகிறார் என்ற முழக்கமாக மாறுகிறது. இந்த அமைப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஜெரால்ட் வில்சன். அவர் நூல் 1985-இல் வந்தது. டேவிட் மிச்சல் 1997-இல் ஒருபடி மேலே போய், சங்கீதங்களைக் கோத்தவர்களே கடைசிகாலத்தை மனதில் வைத்துத்தான் கோத்தார்கள் என்று வாதாடினார். மிச்சலின் வாதம் முழுவதையும் நான் ஏற்கவில்லை. சில இடங்களில் இழுத்துப் பிடிக்கிறார். ஆனால் புலம்பலிலிருந்து ராஜரிகத்துக்கும், அங்கிருந்து அல்லேலூயாவுக்கும் போகும் ஓட்டம் சங்கீதத்திலும் வெளிப்படுத்தலிலும் இருக்கிறது. வெளிப்படுத்தலில் அது ஆறாம் அதிகாரத்தின் கூக்குரல், பதினொன்றாம் அதிகாரத்தின் ராஜரிகம், பத்தொன்பதாம் அதிகாரத்தின் துதி.

137-ஆம் சங்கீதத்தை வாசிக்கவே பலர் கூசுவார்கள். பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்து அழுகிறவர்கள் கின்னரங்களை அலரிச்செடிகளில் தூக்கிவிட்டார்கள். சிறைபிடித்தவர்கள் பாட்டுக் கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது? வெளிப்படுத்தல் 15-இல் கடலருகே நிற்கிறவர்களின் கையில் தேவனுடைய சுரமண்டலங்கள். 17-இல் பாபிலோன் திரளான தண்ணீர்கள்மேல் உட்கார்ந்திருக்கிறாள். 18-இல் அவள் செய்தபடியே அவளுக்குச் செய்யுங்கள் என்ற குரல், சங்கீதத்தின் எட்டாம் வசனத்தின் குரல். பிறகு, பாபிலோனில் இனிச் சுரமண்டலக்காரரின் சத்தம் கேட்காது. வாத்தியம் கைமாறிவிட்டது. ஆனால் குழந்தைகளைக் கல்லில் மோதும் கடைசி வசனத்தை யோவான் எடுக்கவில்லை. லூக்கா 19-இல் இயேசு அந்தக் காட்சியை எடுக்கிறார், எருசலேமைப் பார்த்து அழுதுகொண்டு. கி.பி. 70-இல் தீத்துவின் சேனை அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியது. சாபச் சங்கீதங்களைக் கடைசி காலப் பிரசங்கத்தில் உற்சாகமாகக் கையாளுகிறவர்கள் அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அல்லேலூயாவும் அப்படியே. நம் கூட்டங்களில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் வரும், ஒலிபெருக்கி சோதிக்கவும் வரும். சங்கீதப் புத்தகத்தில் அதற்கு 104-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்வரை காத்திருக்க வேண்டும். பாவிகள் பூமியிலிருந்து ஒழிந்துபோகட்டும் என்ற வரியை ஒட்டித்தான் அது முதன்முதலில் வருகிறது. துன்மார்க்கரின் வீழ்ச்சியைக் காணும்வரை தாவீது அதைச் சொல்லவில்லை என்று யூத ரபீக்கள் தல்மூதில் குறித்துவைத்தார்கள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது நாலே தரம். நாலும் வெளிப்படுத்தல் 19-இல், பாபிலோன் எரிந்த புகை எழும்பும்போது. அதுவரை சபை அதைப் பாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடும்போது எதை எதிர்பார்த்துப் பாடுகிறோம் என்று தெரிந்து பாடலாம்.

இந்த வேலையைத் தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒத்துவாக்கியத்தை நம்புங்கள், ஆனால் சோதித்து நம்புங்கள். சங்கீதத்தை முதலில் சங்கீதமாகவே, முழுவதும், வாய்விட்டு வாசியுங்கள்; அதன்பிறகு மற்றப் பக்கத்துக்குப் போங்கள். 89-ஐ வெளிப்படுத்தல் 1-ஓடும், 86-ஐ 15-ஓடும், 79-ஐ 6-ஓடும், 137-ஐ 18-ஓடும் வைத்துப் பாருங்கள். 23-ஆம் சங்கீதத்தை 7-ஆம் அதிகாரத்தின் கடைசியோடு நீங்களே சேர்த்துக்கொள்வீர்கள். அங்கே ஆட்டுக்குட்டியே மேய்ப்பராக இருக்கிறது. 83-ஐக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு.